ரேடியோ இல்லாத ஜீப்

சென்ற மார்ச்சில், அல்சூரில், பழைய ராணுவ ஜீப்பில் ரேடியோவைப் பொருத்தும் இரும்புத் தாங்கியைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒருவரைச் சந்தித்தேன். குட்டையான உருவம், மீசையில் பச்சைப் பெயிண்ட். கழற்றிய போல்ட்டுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசை மாறாமல் வைப்பார். தாங்கி தயார்; ரேடியோதான் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் பழைய வண்டிகளின் ஊர்வலம்.

"காலியாப் போனா மானம் போயிடும் சார்."

ஊர்வலத்தில் அந்தத் தாங்கியில் டிபன் கேரியர் ஒன்று பட்டையால் இறுகக் கட்டப்பட்டிருந்தது.

"என்ன மாடல் ரேடியோ?" என்று யாரோ கேட்டார்.

"மூணு அடுக்கு மாடல்," என்றார் பின்சீட்டிலிருந்த ஜீப்காரரின் மனைவி.

"தாங்கி அடியில ரப்பர் இருக்கு சார். இந்த ரோட்டுலகூட சாம்பார் சிந்தல!" என்று ஜீப்காரர் பூரித்தார்.

ஜூனில் ஒரு பழைய சாமான் வியாபாரி சரியான ரேடியோவையே கொண்டுவந்தார்.

"எடம் இல்லையேப்பா," என்று தாங்கியிலிருந்த கேரியரைக் காட்டிச் சிரித்தபடி ஜீப்காரர் அவரை அனுப்பிவிட்டார். அத்தனை அலைந்து தேடியவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காதது எனக்கு இன்னும் வியப்புதான்.