பெரியப்பா அடைத்த ஓட்டை

என் பெரியப்பா ஒத்தாசிலியோ பெத்ரோப்பொலிஸில் பல் கட்டும் தொழில் செய்கிறார். மற்ற நேரமெல்லாம் பேரரசர் காலத்துத் தங்க நாணயங்களைச் சேர்ப்பார். இருபதாயிரம் ரெய்ஸ் மதிப்புள்ள நாணயங்களில் அவரிடம் இல்லாத வருஷம் ஒன்றுதான்: 1889. பிரேசிலில் பேரரசு முடிந்த வருஷம். பெட்டியில் அதற்கென ஒரு குழி காலியாகவே இருந்தது.

"இப்படியே சேத்துக்கிட்டிருந்தா, பேரரசரே எழுந்து வந்து உங்ககிட்ட காபி கேக்கப்போறாரு" என்பார் பெரியம்மா இராசெமா.

போன வருஷம் சந்தையில் ஒரு பெண்ணின் சங்கிலியில் தொங்கிய 1851-ஐ வாங்கினார். கோப்பதற்காக யாரோ ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டை நாணயத்துக்குத் தங்கத்தின் விலை மட்டும்தான். பல்லுக்கு வைத்திருந்த தங்கத்தால் அதை அடைத்தார். அழிந்த எழுத்துகளைப் பல் துளைக்கும் ஊசியால் மூன்று மாதம் செதுக்கினார். தன் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்.

எங்கள் ஊர் நாணயச் சங்கத்தில் அன்செல்மோவின் கண்ணுக்குத் தப்பிய போலி கிடையாது. பெரியப்பா அங்கே கொண்டுபோன 1851-ஐ அவர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"யோவ், ஒரு குறை இல்லையே! எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே? என் 1889-ஐ எடுத்துக்க, இத எனக்குக் குடு."

ஞாயிறன்று பார்க்கலாம் என்று பெரியப்பா நாணயத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறன்று அன்செல்மோ 1889-ஐக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பட்டறைக்கே வந்தார். பெரியப்பா 1851-ஐ இடுக்கியில் வைத்து, துளைக்கும் கருவியை ஓட்டினார்.

"டேய், பைத்தியமா உனக்கு?"

தங்கத்தூள் மேசையில் உதிர்ந்தது. பழைய இடத்திலேயே மறுபடி ஓட்டை விழுந்தது.

"இது ஓட்டை நாணயம்தான். அடைச்சவன் நான்."

"அத வாயால சொல்லக்கூடாதா? துளைச்சே காட்டணுமா?"

"உன்கிட்ட சொல்லிடலாம். நான் செத்தப்புறம் இத வாங்குறவன்கிட்ட யாரு சொல்லுவா?"

அன்செல்மோவின் முகம் மாறியது. அவரிடம் இருப்பவற்றில் நான்கு நாணயங்கள் பெரியப்பா கொடுத்தவை.

"அப்ப அந்த நாலு?"

"எதுலயும் கை வைக்கல. சத்தியமா."

"நீ சொல்றத நம்பலாம்யா. ஆனா இனி என் கண்ண எப்படி நம்புறது? இதப் பாத்துட்டுத்தானே குறை இல்லன்னேன்."

இருபது வருஷமாகத் தன் சட்டைப்பையில் இருந்த பூதக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, 1889-ஐ எடுத்துக்கொண்டு போனார். இரண்டு ஞாயிறுகளாகச் சங்கத்துக்கு அவர் வரவில்லை. பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் பெரியப்பா இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போய், கதவைத் தட்டாமல் திரும்பி வந்தார். அது இன்னும் பெரியப்பாவின் பையில்தான் இருக்கிறது.