செஞ்சியில் இரண்டு நோன்புகள்

1961, மாசி மாதம். மேல்மலையனூர்த் திருவிழாக் கூட்டம் வடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலை ஆறரைக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். செஞ்சி பதினேழு மைல். டிக்கெட் எழுபது நயா பைசா. ஊர் வருமுன்பே கோட்டையின் மூன்று மலைகளும் தெரிந்துவிடுகின்றன. பாறைகளை யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல் கிடக்கும் அவற்றை ஒரே மதில் வளைத்துக் கட்டியிருக்கிறது.

பஸ் நிலையத்தில் காசிம் பாயின் ஜட்கா கிடைத்தது. ஐம்பது வயது மனிதர், அதிகம் பேசாதவர். டீ வாங்கிக் கொடுத்தேன். வேண்டாமென்றார்.

"ரம்ஜான் நோன்பு சார். நீங்க குடிங்க."

கோட்டை ஊரிலிருந்து ஒரு மைல். மூன்றில் உயர்ந்த ராஜகிரி எண்ணூறு அடி உயரம். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். உச்சியை நெருங்கும் இடத்தில் ஒரு பிளவு, அதைத் தாண்ட மரப்பாலம். மேலே ரங்கநாதர் கோயிலும் காற்றும்தான் துணை. கீழே கல்யாண மகால், களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில், மசூதி. கோயில் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்களாம். நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர் என்று வந்தவரெல்லாம் இந்த மதிலுக்குள் ஏதோ ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அன்று அங்கே ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

இறங்கி, ஊரில் சாப்பிட்டுவிட்டு சிங்கவரம் குகைக்கோயிலுக்குப் போகக் கிளம்பியபோது மணி நாலு. வண்டியருகே ஒரு தம்பதி நின்றார்கள். சேத்துப்பட்டுப் பக்கத்து மணிலாக் கடலை வியாபாரி அப்பாண்ட நயினாரும் அவர் மனைவி பத்மாவதியும். சமணர்கள். திருநாதர்குன்றில் பாறையில் செதுக்கிய இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைக் கும்பிட வந்தவர்கள். வழியில் பஸ் நின்றுபோய் நேரமாகிவிட்டது. குன்றும் சிங்கவரம் வழியில்தான் என்றார் காசிம் பாய். மூவருமாக ஏறிக்கொண்டோம்.

"கோட்டை பாத்தாச்சா? நாங்க கும்பிடறது கோட்டைக்கும் முந்தினது. வந்து பாருங்க" என்றார் நயினார். சிங்கவரத்தை விட்டுவிட்டு அவர்களோடு இறங்கினேன்.

அந்த அம்மாள் முதல் நாள் முழுதும் தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு. தரிசனம் முடித்த பிறகே வாய் நனைப்பதென்று வேண்டுதல். பொழுது விழுந்தபின் சமணர்கள் எதுவும் உண்பதில்லை என்பதால் அதுவும் பொழுது இறங்குமுன் நடக்க வேண்டும். தவறினால் மறுநாள் காலைவரை ஒன்றுமில்லை. குன்றில் அவர் நின்று கும்பிட்டதைப் பார்த்தேன். இரண்டு வரிசையாக அமர்ந்திருந்த உருவங்கள்மேல் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது.

இறங்கும்போது நயினாரின் கால் சறுக்கியது. அவருக்கு அடியில்லை. கையிலிருந்த சொம்பு உருண்டு, காய்ச்சி வடிகட்டிக் கொண்டுவந்த தண்ணீர் முழுதும் பாறையில் ஓடியது. பத்மாவதியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது.

"ஊருக்குப் போறதுக்குள்ள பொழுது பூடும்" என்றார் நயினார்.

வண்டியருகிலிருந்து ஓடிவந்த காசிம் பாய் சொம்பை எடுத்துக்கொண்டு மணிலாக் கொல்லைக்குள் இறங்கினார். பின்னாலேயே ஓடினேன். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் வெகு ஆழத்தில் இருந்தது. ஒடுக்கமான படிகளில் இறங்கிச் சொம்பை நிரப்பிக்கொண்டு மேலே வந்தார். அவர் நாக்கும் விடியலிலிருந்து நனையவில்லை. ஏறி வந்தவர் கிணற்று மேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நாங்கள் திரும்பியபோது சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய்விட்டது. நயினார் சொம்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

"பொழுதும் விழுந்துட்டுது. வேற கையில மொண்ட தண்ணி வேற..." என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

காசிம் பாய்க்கும் அது கேட்டிருக்கும். "கோட்டை மறைக்குது ஐயா. பொழுது இன்னும் விழல. நானும் அதுக்குத்தான காத்துக்கினு இருக்கறேன்" என்றார்.

பத்மாவதியம்மாள் எழுந்தார். "அவருக்கு இல்லாத தாகமா எனக்கு? அவரு ஒரு சொட்டு குடிக்காம எனக்குக் கொண்டாந்திருக்கறாரு. நான் குடிக்கறேன்."

சேலைக்குள்ளிருந்து வெள்ளைத் துணியை எடுத்து ஒரு கிண்ணத்தில் வடிகட்டினார். துணியை இன்னொரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, "இதைக் கிணத்துலயே சேத்துடணும். துணியில நிக்கற சின்ன உசுருங்க அங்கதான் பொழைக்கும்" என்றார், யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்போல்.

"கொடும்மா" என்று அதை வாங்கிக்கொண்டு காசிம் பாய் மறுபடியும் கிணற்றுக்கு நடந்தார்.

அவர் திரும்புவதற்குள் அந்த அம்மாள் தண்ணீர் குடித்து, பொரியும் வெல்லமும் தின்று முடித்துவிட்டார். முகத்தில் இரத்தம் திரும்பியது. சற்று நேரத்தில் மலைகளுக்கு மேலிருந்த வெளிச்சமும் அவிந்தது. ஊர்ப் பக்கமிருந்து பாங்கு மெல்லக் கேட்டது.

அப்போது எழுந்தவர் நயினார். மீதித் தண்ணீர் இருந்த சொம்பையும் ஒரு வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

"கைய நீட்டுங்க பாய்" என்றார்.

காசிம் பாய் இரு கைகளையும் குவித்து ஏதோ முணுமுணுத்துவிட்டுக் குடித்தார். நயினார் நிறுத்தி நிறுத்தி, சிந்தாமல் ஊற்றினார்.

இரவு எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன். இருட்டில் கோட்டை தெரியவில்லை. எங்கள் ஊரிலும் கோயிலும் மசூதியும் ஒரே தெருவில் இருக்கின்றன. அதைப் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறேன். அந்தத் தெருவில் யார் எப்போது பட்டினி, யார் எப்போது சாப்பிடலாம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.