மூணு மாசக் கேஸு

சேவுகனுக்கு எலும்பு ஒண்ணும் ஒடையல. ஒடைஞ்சிருந்தாத் தேவலை. மாவுக்கட்டுப் போட்டு, ஒன்றரை மாசம் கழுத்துல தொட்டில் கட்டித் திரிஞ்சுட்டு, பொங்கலுக்குள்ள மூட்டை தூக்கப் போயிருப்பான். அவனுக்குப் போனது வேற.

ஆலங்குடியில ஒரு கடலை மண்டியில பதினாலு வருஷமா லோடுமேன். ஆளு குட்டைதான், ஆனா தோளு ரெண்டும் ஆட்டுக்கல்லு கணக்கா இருக்கும். லாரி வந்து நின்னா மண்டிக்கார முத்துராமன் மொதல்ல தேடுறது சேவுகனைத்தான். அன்னைக்கு ஆளுயரத்துக்கு மேல அடுக்கியிருந்த மூட்டையில ஒண்ணு சரிஞ்சு வந்து, குனிஞ்சு நின்னவனோட வலது தோள்ல சொத்துன்னு விழுந்துச்சு. தோளு கீழ போச்சு, தலை இடதுபக்கம் சாஞ்சுச்சு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருந்தது இழுபட்டுப்போச்சு. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேயைப் பாத்துட்டு, எலும்பு நல்லாருக்கு, தெரப்பிக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க.

அந்தக் கையைப் பாத்தாத்தான் கொடுமை தெரியும். விரல் அஞ்சும் நல்லா வேலை செஞ்சுச்சு. கயித்தை முடிவான், முடிச்சை அவுப்பான், சோத்தைப் பிசைவான், உருட்டுவான். உருண்டை கையில இருக்கும், வாயி மேல இருக்கும், நடுவுல ஒரு முழந்தூரம். முழங்கை மடங்கினாத்தானே அந்தத் தூரத்தைத் தாண்டலாம்? அது மடங்கல. தொடையோரமா, உள்ளங்கை பின்னாடி பாக்குற மாதிரி திரும்பிக்கிட்டு, சும்மா தொங்குச்சு.

அவன் பொண்டாட்டி ரஞ்சிதா மொத மாசம் ஊட்டிவிட்டா. பொறவு அவனுக்கே வெக்கமாப் போயி, தட்டை முக்காலியில வச்சு, கைக்கிட்ட வாயைக் கொண்டுபோயித் தின்னான். விசேஷ வீட்டுக்குப் போறதை விட்டுட்டான். பந்தியில ஒக்காந்து எலைக்குக் குனியிற ஆம்பளையைப் பாத்து நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு அவனுக்குத் தெரியாதா? இடது கையால அள்ளித் திங்கவும் மனசு வரல. அவன் சாமிகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் கை என் வாய்க்கு வரணும். மூட்டையெல்லாம் அப்புறம்.

புதுக்கோட்டையில ஒரு தனியார் தெரப்பி காலேஜ். பேரு எதுக்கு, விடுங்க. அங்க வர்ற நோயாளிகளுக்கு இலவச வைத்தியம், பிள்ளைகளுக்கு அதே படிப்பு. லியோன் சாருதான் அங்க வாத்தியாரு. சேவுகன் சட்டையைக் கழட்டி நின்னதும் அந்த மனுஷன் மொகத்துல வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே! பொண்ணு பாக்க வந்தவன் கெட்டான்.

"பிள்ளைகளா, இங்கிட்டு வாங்க. புக்குல இருக்குற படம் எந்திரிச்சு நடந்து வந்திருக்கு. போலீஸ்காரரு பின்னாடி கையை நீட்டி மாமூல் வாங்குற மாதிரி தொங்குது பாருங்க. இந்தக் கைக்குப் பாடத்துல பேரே அதான்."

பிள்ளைகள் சிரிச்சாங்க. சேவுகனும் சேந்து சிரிச்சான். அவனைச் சொல்றாங்கன்னு பாவம் அவனுக்கு உறைக்கல.

லியோன் சாரு பச்சை ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அவன் கழுத்துலயே படம் போட்டுக் காட்டினாரு. கழுத்தெலும்புச் சந்துலேர்ந்து அஞ்சு நரம்பு கெளம்புது. காரை எலும்புக்கு அடியில சடை பின்னுற மாதிரி பின்னிக்கிட்டுக் கைக்கு எறங்குது. மேல இருக்குற ரெண்டும் தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும்; கழுத்தெலும்பை எண்ணி அதுகளுக்கு அஞ்சாம் நரம்பு, ஆறாம் நரம்புன்னு பேரு. கீழ இருக்குற ரெண்டும் விரலுக்கு. இவருக்கு மேல் ரெண்டும் போச்சு, கீழ் ரெண்டும் தப்பிச்சுது. இவ்வளவு சுத்தமான கேஸு பத்து வருஷத்துக்கு ஒண்ணு வந்தாப் பெரிசுன்னாரு. வீட்டுக்கு வந்ததும் ரஞ்சிதா தேங்காநாரை வச்சுத் தேய்ச்சும் அந்தப் பச்சைக்கோடு மூணு நாளு போகல.

வாரத்துக்கு மூணு நாளு ஆலங்குடியிலேர்ந்து பஸ் ஏறிப் போவான். கையில ரெண்டு தகடை ஒட்டிக் கரண்டு வைப்பாங்க. சதை துடிக்கிறதைப் பாத்து, உசுரு வருதுன்னு அவனுக்கு வயித்துல பாலை வாத்த மாதிரி இருக்கும். கரண்டு வச்சா நரம்பு செத்த சதையும் கொஞ்ச நாளைக்குத் துடிக்கும்னு அவனுக்கு யாரு சொல்றது? அது முடிஞ்சதும் பெஞ்சுல ஒக்காரணும். இருபது பிள்ளைகள் வரிசையா வந்து தொடும், தட்டும், ஊசிமுனையால குத்தி "தெரியுதாண்ணே?"ன்னு கேக்கும். சேவுகன் சலிச்சுக்கவே மாட்டான்.

அடிபட்டு மூணு மாசத்துல மொதப் பரீட்சை வந்துச்சு. வெளியூருலேர்ந்து தேர்வாளர் வருவாரு, நோயாளியை நடுவுல ஒக்காரவச்சுக் கேள்வி கேப்பாரு. லியோன் சாரு சேவுகனைக் கூப்பிட்டு, "என்ன நோவுன்னு வாயைத் திறக்கக் கூடாது. எத்தனை மாசம்னு கேட்டா மட்டும் மூணுன்னு சொல்லுங்க"ன்னாரு. மூணுன்னான். அப்ப அது நெசந்தான். பிள்ளைகள் இங்கிலீஷ்ல கடகடன்னு ஒப்பிச்சாங்க, தேர்வாளர் தலையாட்டினாரு. முடிஞ்சதும் ஒரு பிரியாணிப் பொட்டலம்.

"என்ன சார் சொல்லுச்சுக பிள்ளைக?"ன்னு கேட்டான்.

"ஆறு மாசத்துல தெரியும்னு சொல்றாங்க"ன்னாரு லியோன் சாரு. அடப்பாவி மனுஷா.

ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது பரீட்சை. "மூணு மாசம்னே சொல்லிருங்க சேவுகன்."

"ஒம்போது மாசம் ஆச்சே சார்?"

"அது பரீட்சைக் கணக்குங்க. மூணு மாசக் கேஸுக்குத்தான் பிள்ளைகளைத் தயார் பண்ணியிருக்கேன். நீங்க ஒம்போதுன்னா பதிலு மொத்தமும் மாறிப்போகும். ஃபெயிலாயிருவாங்க, பாவம்ல?"

பாவம்னு ஒரு வார்த்தை போதும், சேவுகன் உருகிருவான். மூணுன்னான். பதினஞ்சாம் மாசத்துலயும் மூணு. இருபத்தொண்ணாம் மாசத்துலயும் மூணு. ஊரு ஒலகத்துக்கெல்லாம் காலம் ஓடுச்சு, அந்தக் கைக்கு மட்டும் மூணு மாசத்தைத் தாண்டல. நடுவுல முத்துராமன் அவன் எடத்துல வேற ஆளைப் போட்டுட்டாரு. ரஞ்சிதா ஒரு தடவை காலேஜுக்கே வந்து, "மதுரைக்குக் கொண்டுபோயிப் பெரிய டாக்டர்கிட்ட காட்டட்டுமா சார்?"ன்னு கேட்டா.

"எதுக்கும்மா அலையிறீங்க? கத்தி வைக்கணும்னு எவன் சொன்னான்? கரண்டுலயே நரம்பு துளிர்த்துரும்"னாரு லியோன் சாரு. நோயாளி கையைவிட்டுப் போனாப் பரீட்சைக்கு எங்க போவாரு? இந்தப் பரீட்சை முடியட்டும், அனுப்பிருவோம்னு ஒவ்வொரு தடவையும் நெனச்சிருப்பாரு. குடிக்கிறவரும் இல்ல, கெட்ட பேரும் இல்ல, ஞாயித்துக்கிழமை தவறாமக் கோயிலுக்குப் போறவரு. அதை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

சேவுகன் இந்த ரெண்டு வருஷத்துல அரை வாத்தியாரு ஆயிட்டான். எந்த எடத்துல சுத்தியலால தட்டணும், எந்த எடத்துல மரத்துப் போயிருக்கணும், எல்லாம் மனப்பாடம். பரீட்சையில முழிக்கிற பிள்ளைக்கு, தொங்குற கையோட விரலால தொடையில தட்டிக் காட்டுவான். அஞ்சு தட்டினா அஞ்சாம் நரம்பு, ஆறு தட்டினா ஆறாம் நரம்பு. எத்தனையோ பிள்ளைகளை அந்த விரலாலயே கரையேத்தி விட்டிருக்கான்.

அதுல ரொம்பச் செல்லம் ஷர்லி. ஆவூர்ப் பக்கத்துப் பிள்ளை, தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்தது. இங்கிலீஷ்ல ரெண்டு வரி சேந்தாப்புல வராது, ஆனா படிப்புல சூரப்புலி. ஒரு நாளு அவன் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: "அண்ணே, மடக்குற தசை முழங்கைக்கு ரெண்டு அங்குலம் கீழதான் ஒட்டியிருக்கு. எடை உள்ளங்கையில இருக்கு. அதனால ஒரு கிலோவைத் தூக்க அந்தத் தசை ஏழெட்டுக் கிலோவுக்கு இழுக்கணும்."

"அடி ஆத்தீ! அப்ப நான் மண்டியில தூக்குனதெல்லாம் எத்தனை டன்னு?" அவன் சிரிச்சான், அவளும் சிரிச்சா. ஒரு வருஷமா அவனுக்குக் கரண்டு வச்சது அவதான். மறுபடி சொல்றேன், ஒரு வருஷமா.

அஞ்சாவது பரீட்சை. இந்தத் தடவை வந்தது ஒரு மேடம். ஷர்லி முறை வந்துச்சு. தட்டுத்தடுமாறி இங்கிலீஷ்ல சொன்னா, சேவுகன் தொடையில அஞ்சு தட்டினான், ஆறு தட்டினான், பிடிச்சுக்கிட்டா. மேடம் முகம் மலந்துச்சு. "நல்லது. இப்ப இவருக்கு என்ன ஆகியிருக்கு, என்ன செய்யணும்னு இவருக்கே புரியிற மாதிரி தமிழ்ல சொல்லும்மா. அதுக்குத் தனியா மார்க் இருக்கு."

இதுவரைக்கும் எந்தத் தேர்வாளரும் அப்படிக் கேட்டதில்ல. ஷர்லி லியோன் சாரைப் பாத்தா. அவரு சுவத்தைப் பாத்தாரு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சேவுகன் காலைப் பாத்தே சொன்னா.

"அண்ணே, ஒங்களுக்குக் கழுத்துலேர்ந்து வர்ற மேல் நரம்பு ரெண்டும் போயிருக்கு. மூணு மாசமாகியும் அசைவு வரல, அதனால தானா வராது. ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். விரலுக்குப் போற நல்ல நரம்புலேர்ந்து ஒரு இழையைப் பிரிச்சு, மடக்குற தசைக்கு ஒட்டிருவாங்க. கை வாய்க்கு வந்துரும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தாண்டிட்டா தசை செத்துரும். அப்பறம் எந்த நரம்பை ஒட்டினாலும் எடுக்காது."

சேவுகன் விரல் தட்டுறதை நிறுத்திருச்சு. கை வாய்க்கு வந்துரும்னு அவ சொன்னது காதுக்குள்ள நின்னு கொதிச்சுச்சு. இத்தனை பிள்ளைகளும் இத்தனை நாளா இங்கிலீஷ்ல இதைத்தான் ஒப்பிச்சாங்களா? அதுக்கா நான் விரலால எடுத்துக் குடுத்தேன்?

"எத்தனை மாசம் ஆச்சுங்க ஒங்களுக்கு?"ன்னு மேடம் கேட்டாங்க.

"ரெண்டு வருஷம் மூணு மாசம்."

லியோன் சாரு பல்லைக் காட்டிக்கிட்டு முன்னாடி வந்தாரு. "பேஷன்ட் கொழம்பிட்டாரு மேடம், அவருக்கு மூணு மாசந்தான்…"

மேடம் அவரைத் திரும்பிக்கூடப் பாக்கல. எந்திரிச்சு வந்து சேவுகனோட மேல்கையைப் பிடிச்சாங்க. ஆட்டுக்கல்லா இருந்த எடத்துல தோலும் எலும்பும்தான் கையில தட்டுப்பட்டுச்சு.  பொறவு கைக்கடிகாரத்தைப் பாத்துட்டு நாற்காலிக்கே போயி ஒக்காந்துட்டாங்க. இன்னும் பதினோரு பிள்ளைகள் பாக்கி, அவங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சு.

"சரிம்மா. ரெண்டு வருஷம் மூணு மாசம்னா பதில் என்ன?"

ஷர்லி கண்ணுலேர்ந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுச்சு. ஆனா படிச்ச பிள்ளை, பதில் தெரியும். "நரம்புக்கு இனி ஒண்ணும் செய்ய முடியாது மேடம். இடது கையால சாப்பிடப் பழக்கணும்."

"கரெக்ட்"ன்னு சொல்லி மார்க்கைப் போட்டாங்க. "அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

வராண்டாவுல ஷர்லியை மறிச்சான் சேவுகன். "ஒனக்கு முன்னமே தெரியுமா தங்கச்சி?"

 அவ துப்பட்டாவுல மொகத்தைத் துடைச்சுக்கிட்டு, அவனைச் சுத்திக்கிட்டுப் போயிட்டா. அந்த நடையே அவனுக்குப் பதில் சொல்லிருச்சு.

பின்னாலேயே லியோன் சாரு வந்தாரு, கையில பிரியாணிப் பொட்டலம். கோவமே இல்ல அவருக்கு. அன்னைக்கு எல்லாப் பிள்ளைகளும் பாசாகுற மாதிரிதான் இருந்துச்சு.

"மனசுல வச்சுக்காதீங்க சேவுகன். இனிமே நெசத்தையே சொல்லுங்க. நாள்பட்ட கேஸும் ஒண்ணு பிள்ளைகளுக்கு வேணும்தானே? வழக்கம்போல வந்துருங்க."

சத்தியமாச் சொல்றேன், சேவுகன் அடிக்கத்தான் போனான். இடது கை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அது அவன் நெனப்புலயே வரல. பொறந்ததுலேர்ந்து ஆத்திரம் வந்தா அவன் ஓங்குனது வலது கையைத்தான். விரல் அஞ்சும் மடங்குச்சு. கட்டைவிரல் மேல ஏறி இறுகுச்சு. புறங்கை வெளுத்துப்போச்சு. அவ்வளவுதான். கை தொடையோரத்துலயே கெடந்துச்சு, உள்ளங்கை பின்னாடி பாத்தபடி.

லியோன் சாரு குனிஞ்சு அந்த முஷ்டியைப் பாத்தாரு. அங்கிட்டு நின்ன ரெண்டாம் வருஷப் பிள்ளைகளைக் கூப்பிட்டாரு.

"ஓடியாங்க, ஓடியாங்க. எவ்வளவு இறுக்கமாப் பிடிக்கிறாரு பாத்தீங்களா? ஆனா முழங்கை மடங்குதா? மடங்கல. மேல் நரம்பு போச்சு, கீழ் நரம்பு நல்லாருக்கு. இதை யாரும் மறக்கக் கூடாது."

பிள்ளைகள் நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாங்க.