சத்தம் போடுகிற வேலை

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் புயல் என்று பெயர். பயிற்சி கொடுக்க வருகிறவள். ஆனால் நிற்கவைத்துப் பாடம் நடத்துவதெல்லாம் அவளுக்கு ஆகாது. யாரும் எதிர்பாராத நேரத்தில் நோயாளியின் சொந்தக்காரியாக வரவேற்பு மேசைக்கு வந்து ஊரைக் கூட்டுவாள். மேசையில் இருக்கிற பெண்கள் பதறாமல் அவளைச் சமாளிக்க வேண்டும். அவள் சொல்லிக்கொடுத்த முறை இது: எதிர்த்துப் பேசாதே, குரலை இறக்கு, உட்காரவை, அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல். சமாளித்தால் முதுகில் தட்டிக்கொடுப்பாள், சொதப்பினால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அழுகை, சாபம், மயக்கம் எல்லாம் அத்துப்படி. நடிப்பென்று தெரிந்தவர்களே ஒரு கணம் நம்பிவிடுவார்கள்.

வீட்டிலும் இருப்புக் கொள்ளாது. "கொஞ்ச நேரம் சும்மா உக்காரேன்" என்பார் கணவர். அன்று காலை அவர்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார்.

வாடகைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். அவரை வாசலில் காரிலேயே விட்டுவிட்டுத் தலைவிரிகோலமாக மேசைக்கு ஓடினாள்.

"ஸ்ட்ரெச்சர் கொண்டு வாங்க! என் வீட்டுக்காரர் செத்துடுவாரு!"

மேசைப் பெண்ணின் உதட்டில் சின்னச் சிரிப்பு ஒன்று வந்து மறைந்தது. "உங்க பதற்றம் புரியுதும்மா. முதல்ல உக்காருங்க. வீட்டுக்காரருக்கு முடியலன்னு சொல்றீங்க, இல்லையா?"

"ஐயோ, நடிக்கலடி! நிஜமாத்தான்!"

போன மாதமும் இதையேதான் சொல்லி அழுதிருந்தாள்.

"நிஜம்னு சொல்றீங்க" என்றாள் அந்தப் பெண், இன்னும் மென்மையாக. தண்ணீர் டம்ளரை நீட்டினாள். காவலாளி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்.

அவள் கத்தக் கத்த அந்தப் பெண் சாந்தமானாள். அத்தனையும் இவள் ஊட்டி வளர்த்த சாந்தம். ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கார்ல இருக்காரும்மா. மூச்சு விட முடியல. ஒரு தடவை வந்து பாரு."

புயல் கெஞ்சி அங்கே யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெண் டம்ளரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். நடைவழியில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் மேசைப் பெண் அழுதுகொண்டே வந்தாள்.

"சோதனைன்னு நெனச்சுட்டேன் மேடம். தப்புப் பண்ணிட்டேன்."

திட்டத்தான் வாயெடுத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லிக்குடுத்ததுல ஒண்ணுகூட நீ விடல. எழுந்து போய் வாசல்ல என்னன்னு பாருன்னு நான்தான் ஒரு நாளும் சொல்லிக்குடுக்கலயே."