இரண்டு முறையும் பச்சை

அண்ணனின் நாக்கில், இடது ஓரத்தில், துவரம்பருப்பு அளவில் ஒரு புண் இருந்தது. அவர் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் மேற்பார்வையாளர். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நாக்கில் அலகு குத்திக் காவடி எடுப்பவர். அலகை எடுத்ததும் அண்ணி அந்த இடத்தில் திருநீறு வைப்பார். சில நாட்களில் ஆறிவிடும். இந்த ஆண்டு சித்திரை பிறந்தும் ஆறவில்லை.

அலகு இறங்கிய இடம் நாக்கின் நடு, புண் இருப்பதோ ஓரம் என்று நான் சொன்னேன். பத்திரிகையில் பல வருடம் செய்தி திருத்தியவள் நான். இடம் மாறினால் கண்ணில் படும்.

“சாமி போட்ட ஓட்டைய அளந்து பாக்குறியா நீ?” என்றார் அண்ணன்.

ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டருகே உள்ள பல் கிளினிக்கில் எச்சிலை வைத்துச் செய்யும் பரிசோதனை வந்திருந்தது. கத்தி கிடையாது, ஊசி கிடையாது, துப்பினால் போதும் என்று சொல்லித்தான் அவரை வரவழைத்தேன்.

“துப்புறதுக்குக் காசா? எங்க கிள்ளான் போர்ட் பக்கம் ரோட்டுலயே ஓசியில துப்புறானுங்க லா!” என்று சிரித்தார். ஆனால் வந்தார்.

பல் டாக்டர் இளம்பெண். எச்சிலில் உள்ளதை இயந்திரம் படிக்கும். மற்றவர்களின் மாதிரிகளோடு செயற்கை நுண்ணறிவு அதை ஒப்பிட்டு, புற்றுநோய்க்கான வாய்ப்பை நிறமாகக் காட்டும். பச்சை என்றால் குறைவு, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு அதிகம் என்று விளக்கினார். சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். வாய் காய்ந்திருந்ததால் அந்தச் சிறிய குழாயை நிரப்ப அண்ணன் வெகுநேரம் திணறினார்.

இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தபோது டாக்டர் கையுறை மாட்டி, பஞ்சுத் துணியால் நாக்கைப் பிடித்து, புண்ணை இரு விரல்களால் அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. அப்போது திரையில் பச்சை வந்தது.

“அங்கிள், பச்சைதான். ஆனா அடியில கட்டியா இருக்கு. சதை எடுத்து டெஸ்ட் பண்ணியே ஆகணும். இல்லவே இல்லைன்னு இந்த மெஷின் சொல்லாது.”

“உங்க மெஷினே பச்சைங்குது. நீங்க ஏன் டாக்டர் சிவப்புங்குறீங்க?”

கைப்பேசியில் திரையைப் படமெடுத்து, அங்கேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வெளியே வருவதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் பதில் அந்தப் படம்தான். ஞாயிறுதோறும் கிள்ளானுக்குப் போனேன். புண் பெரிதாகிக்கொண்டிருந்தது. அண்ணன் காரச் சம்பல் தொடுவதை நிறுத்தினார். பிறகு ரசம். பிறகு எல்லாவற்றையும் வலது பக்கம் தள்ளி மென்றார். சட்டைக் காலரின் மேல் பட்டனைப் போடத் தொடங்கினார். கழுத்தில் இடது பக்கம் ஒரு வீக்கம் இருந்தது. கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருநாள் சாப்பிடாமல் திரும்பினேன். அவர் கைப்பேசியை நீட்டினார்.

ஒரு ஞாயிறு, அடுப்படியில் அண்ணி என்னிடம் அழுதார். “அவர் அன்னிக்குச் சொன்னபடி ஒண்ணுமே சாப்பிடல மா. தண்ணிகூட இல்ல. நாக்குல திருநீறு மட்டும்தான் வச்சு அனுப்புனேன்.”

திருநீறு சாப்பாடு இல்லை. யாரும் கேட்கவுமில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்தப் பச்சையைச் செல்லாததாக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. டாக்டரை அழைத்தேன்.

“அதனால மாறியிருக்குமான்னு எனக்குத் தெரியல அக்கா. மறுபடி எடுக்கலாம். ஆனா எதுக்கு? என் விரல்ல பட்டது மாறப் போறதில்லையே.”

“அவர் உங்க விரல நம்பல, டாக்டர்.”

இயந்திரம் என்றதும் அண்ணன் உடனே சம்மதித்தார். இந்த முறை வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் துப்பச் சொன்னார்கள். குழாயை இயந்திரத்தில் வைத்து மூடியதும் நான் சுவரோரம் உட்கார்ந்தேன். எத்தனையோ விபத்துச் செய்திகளை, மரணச் செய்திகளைக் கை நடுங்காமல் திருத்தியிருக்கிறேன். ஒருவருக்கு நோய் இருப்பதாக வர வேண்டும் என்று அன்றுதான் முதல்முறையாக வேண்டினேன். அதுவும் கூடப் பிறந்தவருக்கு. சிவப்பு வரட்டும், முருகா, சிவப்பு வரட்டும்.

பச்சை வந்தது.

அண்ணன் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்தார். “பாத்தியா? இப்ப என்ன சொல்றே?” என்று என் பக்கம் திரும்பினார். நான் அழுதுகொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை.

“ஏய், பச்சை வந்ததுக்கு யாராவது அழுவாங்களா?”

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“சிவப்பு வரணும்னு வேண்டிக்கிட்டியா?”

“ஆமா, அண்ணே.”

டாக்டர் தலையைக் குனிந்து கையுறையைக் கழற்றினார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “எனக்கு வரணும்னு...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தார். எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறாரோ. பிறகு டாக்டரிடம், “எப்பப் போவணும்?” என்று கேட்டார்.

அரசாங்க மருத்துவமனையில் சதை எடுத்தார்கள். புற்றுநோய்தான், கழுத்துக்கும் இறங்கியிருந்தது. நாக்கின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், அதன் பிறகு பேச்சு எந்த அளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். முன்பே வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மழை. ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் நகரவில்லை. அண்ணன் திடீரென்று பேச ஆரம்பித்தார். குறுக்கே வந்த மோட்டார் சைக்கிள்காரனைத் திட்டினார். ஐஸ் மீன் கண்டெய்னரை ஒரு டிரைவர் மெத்தைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் நிறுத்திய கதையைச் சொன்னார். நடுநடுவே எச்சிலை விழுங்கக் கண்ணை இறுக்கி மூடினார்.

“வலிக்குதுல்ல, விடுங்க அண்ணே.”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு. நான் பேசிக்கிறேன்.”

ஷா ஆலமைத் தாண்டியும் பேசினார். எங்கள் அப்பாவைப் போல் பேசிக் காட்டினார், தன் முதலாளியைப் போல், கடைசியில் என்னைப் போலவும். வீட்டு வாசலில் கார் நின்றது. அண்ணி குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். அண்ணன் கார் கண்ணாடிக்குள்ளிருந்து கையை உயர்த்தி அவரை நிற்கச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.