"எனக்கும் அதேதான், எழுதிக்கங்க!"

நாற்பது வயதுக்கு மேல் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள் நான். மானாவாரி விவசாயக் குடும்பங்களில் முடிவு எடுப்பது யார் என்பதுதான் ஆய்வு. குஜிலியம்பாறை பக்கம் நூறு நாள் வேலை நடக்கும் இடங்களுக்குப் போய், மரத்தடியில் கூடியிருந்த பெண்களிடம் மளமளவென்று படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

கணக்கு மட்டும் போட்டு வாங்கத் திண்டுக்கல்லில் புள்ளியியல் விரிவுரையாளரான ஸ்டெல்லாவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவள். படிவங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, வரிசையா எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருக்காங்க. கூட்டமா வச்சா கேட்டீங்க?"

"ஆமா. ஒருத்தி சொன்னா, மத்தவுக 'எனக்கும் அதேதான், எழுதிக்கங்க'ம்பாக."

"அப்ப இது இம்புட்டு பேரோட பதில் இல்லக்கா, கூட்டத்துக்கு ஒரு பதில். இதை வச்சுக் கணக்குப் போட்டா வைவா தேர்வுல மாட்டிக்குவீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அதே பெண்களைத் தேடி வீடு வீடாகப் போனேன். 'ரெண்டு பேரும் கலந்துதான் முடிவெடுப்போம்' என்று முன்பு சொன்ன மாரியாயி, தனியாகக் கேட்டதும் சிரித்தார்.

"அன்னைக்கு நாத்தனா பக்கத்துல இருந்தா. எங்க வீட்ல என்னைய யாரு கேக்குறா?"

ஆய்வின் முடிவே தலைகீழானது. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளரின் முதல் கேள்வி, "இவர்களைத் தனித்தனியாகக் கேட்டீர்களா?" என்பதுதான். நிமிர்ந்து நின்று, "ஒவ்வொருவரையும்!" என்றேன். கடைசி வரிசையில் இருந்த ஸ்டெல்லா கைதட்டியேவிட்டாள்.

இப்போதெல்லாம் படிவத்தை அச்சடிக்கும் முன்பே அவளிடம் காட்டிவிடுகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் கேள்வி இதுதான்: "அக்கா, செத்த நேரம் தனியாப் பேசலாமா?"