மூன்று மாமன்களும் ஒரு காதுகுத்தும்

திண்டிவனத்தில் பேனர் வடிவமைக்கிறேன். எனக்குக் கற்றுத்தந்தவை காசு கேட்காத திறந்த மூல மென்பொருள் ஒன்றும், வாடிக்கையாளர்களின் திட்டும்தான்.

ஒருநாள் மகளின் காதணி விழாவுக்குப் பேனர் போட, வல்லத்திலிருந்து ஒரு பெண் தன் மூன்று அண்ணன்களோடு வந்தார். "ரோட்டுலேந்து பாத்தாலே எம் பொண்ணு மொகம் தெரியணுங்க" என்றார். குழந்தையை நடுவில் பெரிதாகவும், மாமன்களின் படங்களை ஓரத்தில் சிறிதாகவும் வைத்தேன்.

"தாய்மாமன் நானு, ஸ்டாம்பு சைசுல ஒக்காந்துகினு இருக்கேன். பெருசு பண்ணுப்பா" என்றார் மூத்தவர். பண்ணினேன்.

"அவரு மட்டும் என்னா ஒசத்தி?" என்றார் இரண்டாமவர். அவரையும் வளர்த்தேன். இளையவர் தன் படத்தின் மேல் இரண்டு விரலை வைத்து அகட்டிக் காட்டினார். என்னுடையது தொடுதிரை இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டா?

அரைமணி நேரத்தில் திரை முழுக்க மாமன்கள். குழந்தை ஒரு மூலையில் கம்மல் அளவுக்கு வந்துவிட்டாள். எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார் என்பார்கள். இங்கே தூக்கியது மூன்று வயதுப் பிள்ளை.

"ஏண்ணா, காதுகுத்து எம் பொண்ணுக்கா, ஒங்க மூணு பேருக்கா?" என்றார் தங்கை.

அவர் கேட்ட சூட்டோடு நான் மூவரையும் ஒரே அளவாகச் சுருக்கி, அடியில் வரிசையாக நிறுத்தினேன். குழந்தை பேனரை நிறைத்துச் சிரித்தாள். முதலில் இருந்ததைவிடவும் சின்னதாகிவிட்ட மூத்தவர், திரையருகே வந்து விரலால் அளந்தார்.

"மூணு பேரும் ஒரே சைசுதானே?"

"ஒரே சைசுதாங்க."

"அப்ப ஜல்தி பிரிண்ட் போடுப்பா."